விபத்தே நடக்காத தொண்ணூற்றொன்பது நாட்கள்

அன்புள்ள சரவணனுக்கு,

இங்கே எல்லோரும் நலம் என்று ஆரம்பிக்கத்தான் உட்கார்ந்தேன். கை எழுதவில்லை. நம் வீட்டிலிருந்து நான்கு வீடு தள்ளி இருக்கும் குமரேசனுக்கு வலது கண் இனிமேல் தெரியுமா தெரியாதா என்று வருகிற செவ்வாய்க்கிழமைதான் டாக்டர் சொல்வாராம். நீ நினைப்பது போல அவனுக்கு மெட்ராஸ் ஐ இல்லை. போன சனிக்கிழமை உன் டேனரியில், சுண்ணாம்புத் தொட்டியில் தோலைப் புரட்டும்போது தண்ணீர் தெறித்து அவன் கண்ணில் விழுந்தது. கூட வேலை செய்கிற இருபத்திரண்டு பேருக்கும் அது தெரியும். அங்கே பாதுகாப்பு அதிகாரியாக இருக்கும் உனக்கு மட்டும் தெரியாது. இதைப் படித்ததும் எழுந்து அவன் வீட்டுக்கு ஓடி வராதே. ஓடி வந்து கேட்டால் அவன் உன் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே பொய் சொல்வான். ஏன் என்று சொல்கிறேன், கடைசி வரைக்கும் படி.

நேற்று சாயங்காலம் போன் செய்தேன். "விபத்தே இல்லன்னு நீ மாட்டியிருக்கிற போர்டு பொய்டா" என்று ஆரம்பித்தேன். "அம்மா, திங்கக்கெழம ஆடிட்டு. தோல் வாங்குற பையர் வர்றாங்க. தலைக்கு மேல வேல. முடியட்டும், அப்புறம் பேசலாம்" என்று வைத்துவிட்டாய். மறுபடி அடித்தேன், எடுக்கவில்லை. உன் மேல் கோபம் வந்தது, இன்னும் போகவில்லை. அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன், இதை நடுவில் வைத்துவிட முடியாது. நாளைக் காலையில் குமரேசன் பெண்டாட்டி பத்மாவே சத்துவாச்சாரியில் உன் வீட்டுக்கு வந்து உன் கையில் கொடுப்பாள். என்ன எழுதப் போகிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தேன். அவள் சரி என்று தலையாட்டினாள். உன் அப்பாவிடமும் சொன்னேன். "அவன் பொழப்புல நீ ஏன் கை வெக்கிற?" என்று கேட்டுவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார். உறையை ஒட்டப் போவதில்லை. உன் பெண்டாட்டி படிக்கட்டும், உன் மேனேஜர் படிக்கட்டும், எனக்கு மறைக்க ஒன்றும் இல்லை. மறைத்ததையெல்லாம் இதில் எழுதப் போகிறேன்.

நீ காலேஜில் சைக்காலஜி படித்த வருஷம் ஞாபகம் இருக்கிறதா? லீவுக்கு வந்தவன் சமையலறையில் மேடை மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு எனக்குப் பாடம் எடுத்தாய். ஒரு பெட்டியில் எலி, உள்ளே ஒரு கட்டை. எலி கட்டையை அழுத்தினால் தீனி விழும். விழ விழ எலி அழுத்திக்கொண்டே இருக்கும். ஆபரண்ட் கண்டிஷனிங் என்று ஏதோ பேர் சொன்னாய். "சின்ன வயசுல நீ எனக்குப் போட்டியே டிக்கு, அதேதாம்மா இது. நீ படிக்காமலே பண்ணிருக்க" என்று என் தோளில் தட்டினாய். எனக்குத் தலைகால் புரியவில்லை. எட்டாவதோடு நின்றவளை ஒரு புத்தகமே பாராட்டியது போல இருந்தது. பக்கத்து வீட்டில் எல்லாம் சொல்லிக்கொண்டேன். ஆனால் அந்த டிக்கில் என்ன நடந்தது என்று நீயும் முழுசாகச் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. இரண்டு பேரும் நல்ல பகுதியோடு நிறுத்திக்கொண்டோம்.

நீ அப்போது நாலாவது படித்தாய். உன் அப்பா அரக்கோணத்தில் ரயில்வே வேலை, வாரத்துக்கு ஒருமுறை வருவார். நான் ஷூ கம்பெனியில் தையல் லைனில் இருந்தேன். காலையில் ஏழரைக்கு கம்பெனி பஸ் ஏறினால் சாயங்காலம் ஆறுக்கு இறங்குவேன். இறங்கும்போதே யாராவது புகாரோடு நிற்பார்கள். உன் பிள்ளை என் பிள்ளையைத் தள்ளினான், உன் பிள்ளை கல் விட்டான், உன் பிள்ளை டீச்சரை எதிர்த்துப் பேசினான். அடித்துப் பார்த்தேன். அடிக்கிற அன்றைக்கு அழுவாய், மறுநாள் மறுபடி புகார் வரும். பேஜாராகிப் போய், ஒரு நாள் காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு கட்டம் கட்டினேன். புகார் வராத நாளுக்கு சிவப்புப் பேனாவில் ஒரு டிக். விடாமல் இருபது டிக் விழுந்தால் சைக்கிள். நடுவில் ஒரு புகார் வந்தால் முதலிலிருந்து ஆரம்பம். நீ அப்படியே மாறிப்போனாய். பையை ஒழுங்காக மாட்டினாய், டீச்சரே என்னைக் கூப்பிட்டு என்ன செய்தீர்கள் என்று கேட்டார். தினமும் சாயங்காலம் நீ பேனாவைக் கொண்டுவந்து என் கையில் கொடுப்பாய். அந்த நேரத்துக்காகவே நான் பஸ்ஸில் சிரித்துக்கொண்டு வருவேன்.

பதினாலாவது டிக்குக்கு அப்புறம் நீ குளிக்கும்போது கதவைச் சாத்த ஆரம்பித்தாய். பெரிய மனுஷன் ஆகிட்டான் என்று கேலி செய்தேன். வீட்டுக்குள்ளேயும் சாக்ஸ் போட்டுக்கொண்டு நடந்தாய், அதற்கும் கேலிதான் செய்தேன். பதினெட்டாவது நாள், துணி துவைக்கும்போது ஒரு சாக்ஸ் விறைத்துக்கொண்டு நின்றது. ரத்தம் காய்ந்திருந்தது. உன்னைப் பிடித்து உட்காரவைத்து காலைப் பார்த்தால் கெண்டைக்காலில் நான்கு பல். சுற்றிலும் வீங்கிக் கருத்திருந்தது. தோல் சீவிய சவ்வைக் கொட்டுகிற சந்து வழியாக ஸ்கூலிலிருந்து வந்திருக்கிறாய். அங்கே நாய்கள் சவ்வுக்குச் சண்டை போடும், அந்தப் பக்கம் போகாதே என்று நூறு முறை சொல்லியிருந்தேன். கடித்து நான்கு நாளாகியிருந்தது. "ஏன்டா சொல்லல?" என்று கத்தினேன். நீ அழவில்லை. "நான் யாரையும் ஒண்ணும் பண்ணலம்மா. நாய்தான் கடிச்சிது. டிக் போட்டுடும்மா, ரெண்டுதான் பாக்கி" என்றாய்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் உன்னைத் திட்டவில்லை, என்னைத்தான் திட்டினார். "நாலு நாளா இன்னாம்மா பண்ணிட்டிருந்தே? புள்ள காலக் கூடவா பாக்க மாட்டே?" அந்த நாயைத் தேடிப் போனோம். ஆட்டைக் கடித்ததென்று அதற்கு இரண்டு நாள் முன்பே அடித்துப் புதைத்துவிட்டார்கள். அதற்கு வெறி இருந்ததா என்று சொல்ல ஆளில்லை. ஊசி போட ஆரம்பித்தோம், ஆனாலும் தாமதம் தாமதம்தான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த ஒரு மாதம் நான் உனக்கு மணிக்கொரு தரம் தண்ணீர் கொடுத்தேன். அம்மாவுக்குத் திடீரென்று பாசம் ஜாஸ்தியாகிவிட்டது என்று நீ நினைத்திருப்பாய். தம்ளரை வாயில் வைக்கும்போது தண்ணீர் உன் தொண்டையில் இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நீ ஒருமுறை இருமினால் என் உயிர் போய் வரும். உன் அப்பா லீவு போட்டு வந்து, உன்னைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார், என்னோடு பேசவில்லை.

இதுவரைக்கும் உனக்கும் தெரியும். நீ மறந்திருக்கக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். முதல் ஊசி போட்ட அன்று வீட்டுக்கு வந்ததும், அழுத முகத்தோடு பேனாவைக் கொண்டுவந்து நின்றாய். நான் டிக் போட்டேன். மறுநாளும் போட்டேன், அதற்கு அடுத்த நாளும் போட்டேன். சைக்கிளும் வாங்கிக் கொடுத்தேன். பிள்ளை பிழைத்தால் போதும் என்ற பயத்தில் எதைக் கேட்டாலும் கொடுத்திருப்பேன். ஆனால் நீ என்ன கற்றுக்கொண்டிருப்பாய் என்று அப்போது யோசிக்கவில்லை. நான்கு பல் பதிந்த காலைச் சாக்ஸுக்குள் மறைத்ததற்குத்தான் உனக்கு சைக்கிள் கிடைத்தது. நீ நல்ல பிள்ளையாகத்தான் நடந்தாய் என்று இத்தனை வருஷமும் நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். என் காதுக்குப் புகார் வராமல் பார்த்துக்கொள்ளத்தான் நான் உனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

அதோடு புத்தி வந்திருந்தால் இந்தக் கடிதம் இத்தோடு முடிந்திருக்கும். வரவில்லை. இரண்டு வருஷம் கழித்து என்னை லைன் சூப்பர்வைசர் ஆக்கினார்கள். அந்தச் சமயம் புதிதாக வந்த மேனேஜர் ஒரு திட்டம் கொண்டுவந்தார். முதலுதவிப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு இருக்கும், யாருக்குக் காயம் பட்டாலும் அதில் எழுத வேண்டும். எந்த லைனில் மாதம் முழுக்க ஒரு எழுத்தும் விழவில்லையோ, அந்த லைனுக்கு மாசக் கடைசி சனிக்கிழமை பிரியாணி. சூப்பர்வைசருக்குக் கைதட்டலோடு ஒரு புடவை. அறிவிப்பைக் கேட்டபோது எனக்கு உன் சாக்ஸ் ஞாபகம் வந்தது. பொய் சொல்லவில்லை, அந்த நிமிஷமே வந்தது. வாயைத் திறக்கவில்லை. புடவை என்ன நிறத்தில் இருக்கும் என்று யோசித்தேன். மூன்று மாதம் விடாமல் எங்கள் லைனுக்கே பிரியாணி வந்தது. "அக்கா கை ராசி" என்று பெண்கள் சொன்னார்கள்.

நாலாவது மாதம், விஜயா தைத்துக்கொண்டிருந்த ஷூ மேல்தோலில் உள்பக்கம் ஒரு ரத்தப் பொட்டு இருந்தது. அவளைப் பார்த்தேன். ஆள்காட்டி விரலில் தோலுக்கு ஒட்டுகிற டேப்பைச் சுற்றிக்கொண்டு தைத்துக்கொண்டிருந்தாள். ஊசி நகத்தோடு உள்ளே இறங்கி, முனை முறிந்து உள்ளேயே நின்றிருக்கிறது. அன்றைக்கு மாசக் கடைசிக்கு மூன்று நாள் பாக்கி. பக்கத்து மிஷின்காரி என்னைப் பார்த்தாள், விஜயா என்னைப் பார்த்தாள். நான் அந்த ரத்தம் பட்ட துண்டை மட்டும் எடுத்துக் கழிவில் போட்டுவிட்டு அடுத்த மிஷினுக்குப் போய்விட்டேன். சனிக்கிழமை பிரியாணி வந்தது. விஜயா இடது கையால் சாப்பிட்டாள். எல்லோரும் அதைப் பார்த்துச் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். நானும்தான் சாப்பிட்டேன், இரண்டாம் தரம் வாங்கிச் சாப்பிட்டேன். பத்து நாளில் விரல் சீழ் வைத்து, முதல் கணுவோடு எடுத்தார்கள். தையல் மிஷினில் அவளால் பழைய வேகத்துக்கு வர முடியவில்லை, பெட்டி மடிக்கிற வேலைக்குப் போனாள். இப்போதும் மார்க்கெட்டில் பார்த்தால் "நல்லாருக்கியாக்கா?" என்று கேட்கிறாள். நான் பார்த்தும் பார்க்காதது போலப் போனேன் என்பது அவளுக்கும் தெரியும். மன்னித்துக்கொள் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. கேட்க வாய் வரவில்லை என்று எழுதினால் அழகாக இருக்கும், ஆனால் நிஜம் அதுவல்ல, வெட்கமாக இருக்கிறது.

இப்போது போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். மீன் குழம்பு சாப்பிட்டுக்கொண்டே போனை எடுத்து எனக்குப் போட்டோ காட்டினாய். சுண்ணாம்பு செக்‌ஷன் வாசலில் பெரிய பச்சை போர்டு. விபத்து நடக்காத நாட்கள்: தொண்ணூற்றிரண்டு. நூறு தொட்டால் அந்த செக்‌ஷனில் ஆளுக்கொரு கிரைண்டர். நடுவில் ஒரு விபத்து நடந்தாலும் சைபரிலிருந்து ஆரம்பம். நூறாவது நாளும் பையர் வருகிற நாளும் ஒன்றாக அமைந்துவிட்டது என்று உனக்கு ஒரே சந்தோஷம். அது நடந்தால் உன்னை மூன்று பிரிவுக்கும் பொறுப்பாகப் போடுவதாக மேனேஜர் சொல்லியிருக்கிறார் என்றாய். "பாரும்மா, உன் காலண்டர் டிக்கத்தான் பெருசு பண்ணிருக்கேன்" என்று சொல்லிச் சிரித்தாய். எனக்கு விஜயாவின் விரல் ஞாபகம் வந்தது. ஆனாலும் தலையை ஆட்டினேன். உன் முகத்தில் அந்தச் சந்தோஷத்தைப் பார்த்து எத்தனை நாளாகிறது என்று நினைத்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டேன். அன்றைக்கே நான் வாயைத் திறந்திருந்தால் குமரேசன் கண்ணுக்கு ஐந்து நாள் மிச்சமாகியிருக்கும்.

நீ கிளம்பும்போது குமரேசன் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு அவன் வீட்டு வாசலில் நின்றான். நீ வண்டியை நிறுத்தி, "இன்னாண்ணா, மெட்ராஸ் ஐயா? கிட்ட வராதே, எனக்கு ஆடிட் இருக்குது" என்றாய். அவனும் சிரித்து, "ஆமா தம்பி, நீ போ, ஒட்டிக்கப் போவுது" என்றான். நான் கேட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேருமே சிரித்தீர்கள்.

வியாழக்கிழமை பத்மா வந்து, என் கண் ஆபரேஷனுக்குக் கொடுத்த சொட்டு மருந்து மிச்சம் இருக்கிறதா என்று கேட்டாள். மெட்ராஸ் ஐ என்றால் இந்நேரம் வீடு முழுக்கப் பரவியிருக்கும். மூன்று பிள்ளைகள், ஒரே துண்டு, ஒரே தலையணை. ஒருத்தருக்கும் வரவில்லை. மருந்தைக் கொடுக்காமல் நானே போனேன். "குமரேசா, கண்ணாடியக் கழட்டு" என்றேன். "வேணாம்மா, ஒட்டிக்கும்" என்றான். நானே கையை நீட்டிக் கழற்றினேன். கருவிழி மேல் பால் ஆடை போல வெள்ளை படர்ந்திருந்தது. அவன் தலையைக் குனிந்துகொண்டான். பத்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள். சுண்ணாம்புத் தண்ணீர் பட்டது என்று அப்போதுதான் சொன்னான், அவளுக்கும் அதுவரை தெரியாது.

நேற்றுக் காலை முதல் பஸ்ஸில் அவனையும் பத்மாவையும் வேலூருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் எப்படி ஆனது என்று கேட்டதும், நான் வாயைத் திறப்பதற்குள் "வீட்டுக்கு சுண்ணாம்பு அடிச்சேன் சார், தெறிச்சிடுச்சி" என்றான். டாக்டர் அப்படியே எழுதிக்கொண்டார். அவன் வீடு பூசாத செங்கல் சுவர், சரவணா. சுண்ணாம்பு அடிக்க அங்கே பூசின சுவரே இல்லை. உண்மையைச் சொல்லச் சொல்லி பத்மா என் கையைப் பிடித்து இழுத்தாள், ஆனால் புருஷனை எதிர்த்து அங்கே பேச அவளுக்குத் தைரியம் வரவில்லை, நான் சொன்னாலும் அவன் மறுப்பான் என்று நானும் விட்டுவிட்டேன். வீட்டில் பட்டது என்று காகிதத்தில் ஏறிவிட்டால், நாளைக்குக் கண் போனாலும் வேலையில் பட்ட காயத்துக்கு உண்டான எதுவும் அவனுக்குக் கிடைக்காது என்று நீதான் ஒரு தடவை எனக்கு விளக்கினாய். "பட்ட நிமிஷமே அரை மணி நேரம் தண்ணிய ஊத்திக் கழுவிட்டு ஓடி வந்திருக்கணும். ஒரு வாரம் கழிச்சு வர்றீங்களே" என்றார் டாக்டர். செவ்வாய்க்கிழமை பார்த்துவிட்டு ஆபரேஷனா இல்லையா என்று சொல்கிறேன் என்றார். பார்வை பற்றி ஒன்றும் உறுதி சொல்லவில்லை.

திரும்பி வருகிற பஸ்ஸில்தான் நடந்ததை முழுசாகச் சொன்னான். கண்ணில் விழுந்ததும் அலறியிருக்கிறான். இரண்டு பேர் பிடித்துக்கொண்டு, கண் கழுவுவதற்கென்று நீ வைத்திருக்கிற அந்தக் குழாய்க்கு இழுத்துக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். பாதி வழியில் ஒருத்தன் நின்றுவிட்டான். அந்தக் குழாய் உன் ரூமுக்கு நேர் எதிரே, அந்த போர்டுக்குக் கீழே இருக்கிறது. அங்கே போனால் எல்லோருக்கும் தெரியும். அப்படியே திரும்பி, பின்பக்கம் தொட்டி கழுவுகிற குழாயில் நாலு சொம்பு தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். "யாரு திருப்பச் சொன்னாங்க?" என்று கேட்டேன். "நான்தாம்மா சொன்னேன்" என்றான். "கிரைண்டருக்காகவா?" என்றேன். "பாதி அதுக்குதான். இருபத்திரண்டு வூட்லயும் எதிர்பாத்துனு இருக்காங்க, என்னால போச்சின்னா எப்டி மூஞ்சில முழிக்கிறது? பாதி நம்ம தம்பிக்காவ. நம்ம தெருப் புள்ள, எனக்கு வேல வாங்கிக் குடுத்த புள்ள. அவரு போர்ட நான் போய் சைபர் பண்றதா?" மெட்ராஸ் ஐ என்று சொன்னால் யாரும் கிட்டே வந்து பார்க்க மாட்டார்கள், லீவும் கிடைக்கும் என்று செக்‌ஷனே உட்கார்ந்து யோசித்து முடிவு செய்திருக்கிறது. கறுப்புக் கண்ணாடியும் அவர்கள்தான் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். நீ நல்லவன் என்பதால் உன்னிடம் மறைத்திருக்கிறார்கள், அதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

உன் புத்தகத்து எலிக்குப் பொய் சொல்லத் தெரியாது, கட்டையை அழுத்தினால் அழுத்தியதுதான். மனுஷனுக்குப் பரிசு வைத்தால், செய்து காட்டுவதும் ஒரு வழி, செய்தது போலக் காட்டுவதும் ஒரு வழி. எது சுலபமோ அதற்குத்தான் கை போகும். விபத்தைத் தடுப்பது கஷ்டம், அதற்குக் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும், தொட்டிக்கு மூடி வேண்டும், கூடுதல் ஆள் வேண்டும். வாயைத் தடுப்பது சுலபம். நீ எதற்குப் பரிசு கொடுப்பதாக நினைத்தாயோ அது வேறு, அங்கே பரிசு போய்ச் சேருகிற இடம் வேறு. உனக்கு மேலே இருப்பவரும் உனக்கு ஒரு தீனி வைத்திருக்கிறார் என்பதையும் யோசி. நேற்று என் போனை வைத்தாயே, அதுவும் அந்தத் தீனிக்காகத்தான். அன்றைக்கு நான் ரத்தத் துண்டைக் கழிவில் போட்டதும் அப்படித்தான், அதனால் உன்னை ஏச எனக்குப் பெரிய யோக்கியதை இல்லை, இருந்தாலும் ஏசுகிறேன்.

விஜயாவுக்கு அப்புறம் நான் என்ன செய்தேன் என்றும் சொல்லிவிடுகிறேன், அதில் உனக்கு ஏதாவது உபயோகம் இருக்கலாம். அந்த நோட்டை முதலுதவிப் பெட்டிப் பக்கத்திலிருந்து எடுத்து என் மேஜை மேல் திறந்தபடி வைத்தேன். கத்தரிக்கோலில் என் கட்டைவிரலைக் கீறிக்கொண்ட அன்று, எல்லோரும் பார்க்க முதல் எழுத்தாக அதை எழுதினேன். லைனில் ஒரே முணுமுணுப்பு. "அக்காவே பிரியாணிய கெடுத்துடுச்சி" என்றார்கள். ஒரு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை. அப்புறம் ஒவ்வொருத்தியாக வந்து எழுத ஆரம்பித்தார்கள். எழுத எழுதத்தான் இரண்டு மிஷினில் ஊசிக்காப்பு கழன்றிருப்பது தெரிந்தது. மேனேஜர் கூப்பிட்டு, "உங்க லைன்லதான் காயம் ஜாஸ்தி" என்றார். "இல்ல சார், மத்த லைன்ல எழுதறது கம்மி" என்றேன். ரிட்டயர் ஆகிற வரைக்கும் எனக்கு இன்னொரு கைதட்டல் கிடைக்கவில்லை. உடனே நீ, சரி, காயத்தைச் சொல்கிறவனுக்குப் பரிசு வைக்கிறேன் என்று கிளம்பிவிடாதே. உன்னை எனக்குத் தெரியும். அப்புறம் கீறல் படாத விரலுக்கும் கட்டுப் போட்டுக்கொண்டு வந்து வரிசையில் நிற்பார்கள். சொன்னவனை யாரும் முறைக்காமல் பார்த்துக்கொள், சொன்னதைச் சரிசெய், அது போதும்.

இப்போது நீ செய்ய வேண்டியது. பத்மா வந்ததும் உட்காரவை, டீ கொடு, அவளிடம் ஒன்றும் விசாரிக்காதே. விசாரித்தால் பயந்துவிடுவாள். நேராக டேனரிக்குப் போ. அந்த போர்டை வாட்ச்மேனை விட்டு அழிக்கச் சொல்லாதே, உன் கையால் அழித்து சைபர் போடு. போன சனிக்கிழமை தேதியில் விபத்து என்று நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடு. அதற்கு அப்புறம் குமரேசனைப் பார்க்க வா. இந்த வரிசை மாறக்கூடாது. போர்டில் தொண்ணூற்றொன்பது என்று இருக்கும்வரைக்கும் அவன் உண்மையைச் சொல்ல மாட்டான், உன் முகம் வாடும் என்று பொய்தான் சொல்வான். காப்பாற்ற ஒன்றும் மிச்சமில்லை என்று தெரிந்தால்தான் வாயைத் திறப்பான். செவ்வாய்க்கிழமை நீயே அவனை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போ, அந்தக் காகிதத்தில் எழுதியதை அவன் வாயாலேயே மாற்றவை.

இதனால் என்ன ஆகும் என்று தெரியாமல் எழுதவில்லை. திங்கட்கிழமை பையர் வந்து சைபரைப் பார்ப்பார்கள். மூன்று பிரிவுக்கும் பொறுப்பு என்ற பேச்சு அத்தோடு போகும். மேனேஜர் உன்னைத் தனியாகக் கூப்பிட்டு, இரண்டு நாள் பொறுக்க முடியாதா என்று கேட்பார். இருபத்திரண்டு பேரும் உனக்கு வணக்கம் வைப்பதை நிறுத்துவார்கள். அவர்கள் பெண்டாட்டிகள் நம் தெருவில் என்னையும் பத்மாவையும் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். உன் அப்பா என்னோடு எத்தனை நாள் பேசாமல் இருப்பாரோ தெரியாது. குமரேசனே கூட முதலில் உன்மேல் கோபப்படுவான். அவன் கண் அதனால் திரும்பி வந்துவிடும் என்றும் என்னால் சொல்ல முடியாது.

இதற்குக் கீழே ஒரு வரி எழுதினேன். நீ இதைச் செய்தால் உன்னைப் பெற்றதற்குப் பெருமைப்படுவேன் என்று. எழுதிவிட்டு, என்ன செய்கிறேன் என்று உறைத்ததும் அடித்துவிட்டேன், அடித்தது உனக்கே தெரிகிறது பார். நாலாவது படிக்கும்போது போட்ட டிக் போதும். இதைச் செய்தால் என்னிடமிருந்து உனக்கு ஒன்றும் வராது, செய்யாவிட்டாலும் என்னிடம் உனக்கு இருப்பது எதுவும் குறையாது. அவன் கண்ணுக்காகச் செய். போ, போய் சைபர் போடு.

உன் அம்மா